ஒரே இரவில் ஒரு நாடகம்!

நாடகத் தலைமை ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்க்கைக் கதை

இரவுச் சாப்பாடு முடிந்துவிட்டது. கம்பெனி வீட்டில் பையன்கள் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்துவிட்டார்கள். ஒரு மூலையில் மட்டும் விளக்கு எரிகிறது. அதன் எதிரே ஐம்பது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் எழுத உட்கார்ந்தார். புது நாடகம் வேண்டும், புது நாடகம் வேண்டும் என்று கம்பெனி நிர்வாகிகள் பல நாட்களாக அவரை நச்சரித்து வந்தார்கள். இன்று, நாளை என்று அவரும் காலம் கடத்தி வந்தார். அன்றுதான் அவருக்கு மனம் வந்தது.

பொழுது விடிந்தது. பையன்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தபோது நாடகம் முடிந்திருந்தது. மேடையில் நான்கு மணி நேரம் ஓடக்கூடிய நாடகம்! வசனமும் பாட்டுமாக முழுவதும் தயார். அதுதான் ‘அபிமன்யு சுந்தரி’. துரியோதனன் மகனுக்கு நிச்சயமான பெண்ணை, கடோத்கஜன் துணையோடு அபிமன்யு கைப்பிடிக்கும் கதை. 1957ல் ‘மாயா பஜார்’ படத்தில் தமிழ் மக்கள் பார்த்துச் சிரித்தது இதன் ஒன்றுவிட்ட சகோதரன் என்றே சொல்லலாம்.

எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள். அவர் எழுதிய நாடகங்கள் 68 என்று கணக்குச் சொல்வார்கள். இன்று கையில் கிடைப்பன அதில் ஒரு பகுதிதான். ஆனால் அந்த ஒரு பகுதியை வைத்துக்கொண்டே நூறு ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான நடிகர்கள் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள்!

உப்பளத்துக் கணக்குப் பிள்ளை

1867ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 7ந் தேதி, தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தை தாமோதரத் தேவர் இராமாயணத்தில் ஊறியவர். ‘இராமாயணப் புலவர்’ என்றே ஊரில் அவருக்குப் பெயர். பையனுக்குத் தமிழ் முதலில் தந்தையிடம் வந்தது. அது போதாமல் பழனிக்குப் போய், அங்கே பெரும் புலவராக விளங்கிய தண்டபாணி சுவாமிகளிடம் பாடம் கேட்டார். உடுமலை முத்துசாமிக் கவிராயர் அவருக்கு அங்கே கூடப் படித்த நண்பர். பின்னாளில் இருவருமே நாடகப் பாட்டில் பேர் பெற்றார்கள்.

வெண்பாவும் கலித்துறையும் பதினாறு வயதிலேயே கைக்கு வந்துவிட்டன. ஆனால் வெண்பா எழுதினால் அரிசி வருமா? தூத்துக்குடி உப்பளத்தில் கணக்கு எழுதும் உத்தியோகத்தில் அமர்ந்தார். பகலெல்லாம் உப்பு மூட்டைக் கணக்கு, மாலையில் சந்தக் கணக்கு என்று சில காலம் ஓடியது.

1891ல், தமது 24வது வயதில், உத்தியோகத்தை உதறிவிட்டு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார்.

இன்று இதைப் படிக்கும்போது பெரிய விஷயமாகத் தோன்றாது. அன்று அது குடும்பத்துக்கே தலைகுனிவு. கூத்தாடி என்றால் திண்ணையில் உட்காரவைக்க மாட்டார்கள். பெண் கொடுக்க மாட்டார்கள். சுவாமிகள் கடைசிவரை மணம் செய்துகொள்ளவே இல்லை.

கொட்டகை வந்தது

அவர் நுழைந்த சமயம் தமிழ் நாடகம் தெருவிலிருந்து கொட்டகைக்குள் குடியேறிக்கொண்டிருந்த சமயம். பார்சிக் கம்பெனிகள் வடக்கேயிருந்து வந்து, தீட்டிய படுதாக்களையும் ஜிகினா உடுப்புகளையும் காட்டி ஊர் ஊராக மக்களை மயக்கிவிட்டுப் போயின. தஞ்சை கோவிந்தசாமி ராவ் அதைப் பார்த்துத் தாமும் ஒரு கம்பெனி கட்டினார். அந்த வழியில் வந்ததுதான் கல்யாணராமய்யர் கம்பெனி. சுவாமிகள் முதலில் சேர்ந்தது அதில்தான்.

அதே 1891ல்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் பட்டதாரிகளும் சேர்ந்து பொழுதுபோக்குக்காக நடித்த சபை அது. முதலியார் வசன நாடகத்துக்கு வழி போட்டார். சுவாமிகள் பாட்டு நாடகத்துக்கு வழி போட்டார். முதலியாரின் வழி பட்டணத்தோடு நின்றது என்று சொன்னால் கொஞ்சம் அதிகப்படிதான். ஆனால் பட்டிக்காடு வரை போய்ச் சேர்ந்தது சுவாமிகளின் வழியே.

எமனும் சனியும்

சுவாமிகளுக்கு நல்ல உயரம், கட்டான உடம்பு, கணீரென்ற குரல். ஆகவே கம்பெனியில் அவருக்குக் கிடைத்தவை எல்லாம் பயங்கர வேஷங்கள். இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன்! வேஷத்தைக் கண்டு குழந்தைகள் அலறும். அதுவே அவருக்குப் புகழாக இருந்தது. அந்தப் புகழே வினையாகவும் முடிந்தது.

‘சாவித்திரி’ நாடகத்தில் எமனாக வந்த ஒரு நாள், சபையில் இருந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி பயத்தால் கருக்கலைந்தாள் என்பார்கள். அதைவிடக் கொடுமையானது அடுத்தது. ‘நளதமயந்தி’யில் சனீசுவரன் வேஷம். உடம்பெல்லாம் எண்ணெயும் கரியும். ஆட்டம் முடிந்தபோது விடிய இன்னும் நேரம் இருந்தது. வேஷத்தைக் கலைக்க அவர் நேரே குளத்தங்கரைக்குப் போனார். அந்த அரையிருட்டில் துணி வெளுக்க வந்திருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே சனீசுவரன்! வீலென்று அலறி விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

நாடக உலகில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் சம்பவங்கள் இவை. வாய்க்கு வாய் போகும்போது கை கால் முளைத்திருக்கலாம். ஆனால் சுவாமிகள் அதற்குப் பிறகு வேஷம் கட்டுவதை விட்டார் என்பதும், எழுதுவதும் கற்பிப்பதுமே தொழிலாகக் கொண்டார் என்பதும் உண்மை. தான் செய்யாத கொலையைத் தன் மேல் போட்டுக்கொண்ட மனிதர் அவர். மேடையில் நூறு பேரை மிரட்டியவருக்குக் குளத்தங்கரையில் ஒருத்தி மிரண்டதைத் தாங்க முடியவில்லை.

இடையில் ஒரு சமயம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தல யாத்திரை கிளம்பினார். காவி கட்டினார். சங்கரன் அப்போதுதான் ‘சுவாமிகள்’ ஆனார்.

கஞ்சிராக்காரர் வீட்டுப் பிள்ளை

யாத்திரை போனவரைத் தொழிலுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது புதுக்கோட்டை. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய மேதை மான்பூண்டியா பிள்ளை அங்கே இருந்தார். லயத்தில் அவருக்கு மிஞ்சிய ஆள் இல்லை. அவர் சுவாமிகளைத் தமது பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டு வீட்டில் வைத்துக்கொண்டார். புலவருக்குச் சந்தம் தெரியும். கஞ்சிராக்காரருக்குத் தாளம் தெரியும். இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்தால் கேட்க வேண்டுமா!

சுவாமிகளின் நாடகப் பாட்டுகளில் வாய் வைத்துப் பார்த்த பாடகர்களுக்கு இது புரியும். சொல்லைச் சற்று மாற்றிப் போட்டால் தாளம் உதைக்கும். வெண்பா, விருத்தம், கீர்த்தனை, ஆனந்தக் களிப்பு, நொண்டிச் சிந்து, காவடிச் சிந்து என்று தமிழில் இருந்த அத்தனை வகையும் அவர் நாடகத்தில் உண்டு. பார்சிக்காரர்கள் கொண்டுவந்த இந்துஸ்தானி மெட்டும் உண்டு. நல்ல மெட்டு எந்தத் திசையிலிருந்து வந்தாலும் எடுத்துக்கொண்டார். ஆனால் அதில் போட்ட சொல் மட்டும் சுத்தத் தமிழ்ப் புலவன் சொல்.

வள்ளி வைத்தியநாதய்யர் கம்பெனி, அல்லி பரமேசுவரய்யர் கம்பெனி, பி.எஸ். வேலு நாயர் கம்பெனி என்று பல கம்பெனிகளுக்கு வாத்தியாராக இருந்தார். ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’, ‘சத்தியவான் சாவித்திரி’, ‘நல்லதங்காள்’, ‘அல்லி அர்ஜுனா’ எல்லாம் அவர் கையால் உருப்பெற்றன. வடமொழி ‘மிருச்சகடி’யையும், ஷேக்ஸ்பியரின் ‘சிம்பலின்’, ‘ரோமியோ ஜூலியட்’ கதைகளையும்கூட அவர் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தார்.

மேடையில் சண்டை!

ஆனால் ஒரு தலைவலி இருந்தது. அந்தக் காலத்துப் பெரிய நடிகர்கள் வாத்தியார் எழுதியதை அப்படியே பேச மாட்டார்கள். ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் மேடையில் சந்தித்தால் போதும், கதையை ஓரமாக வைத்துவிட்டுத் தர்க்கத்தில் இறங்கிவிடுவார்கள். ஒருவர் கேள்வி போட, மற்றவர் பதில் பாட, ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கைதட்ட, விடியும்போது கதை பாதியில் நிற்கும். குடித்துவிட்டு வருவதும் உண்டு. வராமலே இருப்பதும் உண்டு.

எழுதியவனுக்கு இது எப்படி இருக்கும்? சுவாமிகள் ஒரு முடிவுக்கு வந்தார். பெரியவர்களைத் திருத்த முடியாது, சின்னவர்களை உருவாக்கலாம். 1910ல் சமரச சன்மார்க்க நாடக சபை ஏற்பட்டது. 1918ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. பெயர் நீளம்தான்! ஆனால் அதில் சேர்ந்தவர்கள் ஆறு வயதும் எட்டு வயதுமான பையன்கள். டி.கே. சங்கரன், முத்துசாமி, சண்முகம் ஆகிய சகோதரர்கள் அந்த 1918ல்தான் வந்து சேர்ந்தார்கள். சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. பின்னாளில் ‘ஔவையார்’ வேஷத்தால் ஔவை சண்முகம் என்று பெயர் பெற்றவர் அவரே. சுவாமிகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்த விஷயங்களில் பெரும்பகுதி, அந்தச் சிறுவன் பெரியவனாகி எழுதிவைத்ததால் கிடைத்தது.

செங்கோட்டை கிட்டப்பாவும் சிறு வயதில் சுவாமிகளிடம் பயின்றவர்தான். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை எட்டிய அந்தக் குரல், 1933ல் தமது 27வது வயதிலேயே அவர் மறைந்ததோடு ஓய்ந்தது.

பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை சுகமானது என்று யாரும் நினைக்க வேண்டாம். தாய் தகப்பனை விட்டு ஊர் ஊராக அலைச்சல். விடியும் வரை ஆட்டம், பகலில் பாடம், பாடம் வராவிட்டால் அடி. பதினான்கு பதினைந்து வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்றுவரை ராஜபார்ட் போட்டவன் இன்று படுதா இழுக்க வேண்டும். அந்தப் பயம் ஒவ்வொரு பையனின் தலைமாட்டிலும் படுத்திருந்தது. இந்த முறை குழந்தைகளுக்குச் செய்தது நன்மையா தீமையா என்று இன்று கேட்டால், பலர் தலையைச் சொறிவார்கள். ஆனால் எழுதிய வசனத்தை எழுதியபடி பேசும் நடிகன் தமிழ் மேடைக்குக் கிடைத்தது அங்கேதான். சினிமாவுக்கு முதல் இருபது ஆண்டுகளில் நடிகர்களைக் கொடுத்ததும் அங்கேதான்.

பேச்சு நின்றது

பால சபை நன்றாக நடந்தது. ‘அபிமன்யு சுந்தரி’, ‘சதி சுலோசனா’, ‘சதி அனுசூயா’ என்று பையன்களின் வாய்க்கும் வயதுக்கும் தக்கபடி நாடகங்கள் வந்துகொண்டிருந்தன. அப்போது, 1921ல், சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கை கால் விழுந்தது. வாயும் அடைத்துப்போயிற்று.

ஒரே இரவில் ஒரு நாடகம் எழுதிய கை எழுதவில்லை. அட்சரம் பிசகினால் திருத்திய நாக்கு எழவில்லை. அந்த நிலையிலும் அவர் கம்பெனியை விட்டுப் போகவில்லை. போக அவருக்கு வேறு வீடும் இல்லை. பையன்கள் ஊர் ஊராகப் போனார்கள்; வாத்தியாரும் அவர்களோடு போனார். அவர் எழுதிய பாட்டை அவர் சொல்லிக்கொடுத்தபடியே பையன்கள் மேடையில் பாடுவார்கள். அவரால் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. ஓராண்டு இப்படிக் கழிந்தது.

1922 நவம்பர் 13, திங்கட்கிழமை இரவு, புதுச்சேரியில் அவர் உயிர் பிரிந்தது. வயது 55. கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்தார்கள். சமாதி இன்றும் அங்கே இருக்கிறது.

வியன்னாவில் நடந்த கதை

இந்தப் பாட்டு நாடகம் நமக்கு மட்டும் உரியதல்ல. சுவாமிகள் பிறந்த அதே 1867ல் ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் யோஹான் ஸ்ட்ராஸ் என்பவரின் ‘நீல டான்யூப்’ இசை முதன்முதலாக அரங்கேறியது. அந்த ஸ்ட்ராஸ் 1874ல் ‘வௌவால்’ என்ற பெயரில் ஒரு நாடகத்துக்கு இசையமைத்தார். பாதி பேச்சு, பாதி பாட்டு, நடுவே ஆட்டம், நிறையக் கேலி! ஓபரெட்டா என்று இதற்குப் பெயர். 1905ல் பிரான்ஸ் லெஹார் இசையமைத்த ‘உல்லாச விதவை’ உலகையே சுற்றியது. பாட்டில் கதை சொல்லி, பபூனைக் கொண்டு சிரிக்கவைத்து, மெட்டைத் தெருவெல்லாம் முணுமுணுக்கவைக்கும் வித்தையில் வியன்னாக்காரரும் மதுரைக்காரரும் பங்காளிகள்தான். ஒருவரை ஒருவர் அறியாத பங்காளிகள்!

நீலகிரியில்கூட அந்தக் காலத்தில் இரண்டு உலகம் இருந்தது. கோடையில் சென்னை கவர்னரும் பரிவாரமும் உதகமண்டலத்துக்குக் குடியேறிவிடுவார்கள். அசெம்பிளி ரூம்ஸ் கட்டடத்தில் துரைகளும் துரைசானிகளும் நடனமும் நாடகமும் நடத்துவார்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள் தரைநாட்டிலிருந்து கொண்டுவந்த பாட்டோ வேறு. துரைசானியின் காதில் அது விழுந்திருந்தாலும் இரைச்சலாகத்தான் இருந்திருக்கும்.

ஜெர்மன் மொழி ஓபரெட்டாவுக்கு 1933ல் எமன் வந்தான். அது வேஷம் போட்ட எமன் அல்ல. ஹிட்லர் பதவிக்கு வந்ததும், பாட்டெழுதியவர்களிலும் இசையமைத்தவர்களிலும் பெரும்பாலோர் யூதர்கள் என்பதால் அவர்கள் மேடையிலிருந்து விரட்டப்பட்டார்கள். லெஹாருக்குப் பாட்டெழுதிக் கொடுத்த ஃபிரிட்ஸ் லோனர் பேடா 1942ல் ஆஷ்விட்ஸ் முகாமில் மாண்டார். ‘சவாய் நடனம்’ என்ற நாடகத்தால் பெர்லினைக் கலக்கிய பால் ஆபிரகாம் நாட்டை விட்டு ஓடி, அந்நிய மண்ணில் சித்தம் கலங்கினார். யுத்தத்துக்குப் பிறகு கேலியும் காரமும் போய், சர்க்கரைப் பாகு மட்டும் மிஞ்சியது. 2012க்குப் பிறகுதான் பெர்லினில் கோமிஷே ஓபர் என்ற அரங்கம், பேரி காஸ்கி என்பவரின் தலைமையில், மறந்துபோன அந்த நாடகங்களைத் தூசு தட்டி எடுத்தது. 2013ல் ‘சவாய் நடனம்’ மறுபடி மேடை ஏறியது. பழைய இசைக் குறிப்புகளைத் தேடிப் பிடித்து, எப்படி இருந்ததோ அப்படியே வாசித்தார்கள். கொட்டகை நிரம்பியது.

ஒத்திகை இல்லாத நாடகம்

நம் கதை வேறு மாதிரி. இங்கே யாரும் விரட்டவில்லை, சினிமா வந்தது. 1931ல் பேசும் படம் தமிழுக்கு வந்ததும் கொட்டகைகள் ஒவ்வொன்றாகத் திரை கட்டிக்கொண்டன. ‘வள்ளி திருமணம்’ 1933ல் படமாயிற்று. ‘பவளக்கொடி’ 1934ல் வந்தது. தியாகராஜ பாகவதருக்கு அது முதல் படம். பழைய படங்களில் ஏன் ஐம்பது பாட்டு என்று பேரப்பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் அல்லவா? நாடகத்தில் இருந்த பாட்டை அப்படியே கொண்டுபோய்ப் படத்தில் வைத்ததுதான் காரணம்.

கம்பெனிகள் கலைந்தன. ஆனால் நாடகம் சாகவில்லை. ஸ்பெஷல் நாடகமாக உருமாறிக் கிராமத்துக்குப் போய்விட்டது. அதன் முறை விசித்திரமானது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் மற்றோர் ஊர், ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர். கோயில் திருவிழாவுக்கு ஏஜெண்டு மூலம் ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அச்சாரம் கொடுப்பார்கள். ஆட்டத்தன்று மாலைதான் எல்லோரும் ஓரிடத்தில் கூடுவார்கள். ஒத்திகை கிடையாது. முன்பின் பார்த்திராதவர்கள்கூட அன்றிரவு முருகனும் வள்ளியுமாக விடியும் வரை நடிப்பார்கள். எப்படி முடிகிறது? எல்லோருக்கும் மனப்பாடமாக இருப்பது ஒரே புத்தகம். சுவாமிகளின் புத்தகம்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நடிகர்கள் இஷ்டத்துக்குத் தர்க்கம் செய்கிறார்கள் என்றுதானே சுவாமிகள் பெரியவர்களை விட்டுப் பையன்களிடம் போனார்? ஸ்பெஷல் நாடகத்தில் ஜனங்கள் காத்திருப்பதே வள்ளிக்கும் நாரதருக்கும் நடக்கும் தர்க்கத்துக்காகத்தான். வாத்தியார் துரத்தியது கொல்லைப்புற வழியாகத் திரும்பி வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டது.

சூசன் சீஸர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் மதுரையில் இந்த நடிகர்களோடு தங்கிப் பழகி, 2005ல் ஒரு பெரிய புத்தகமே வெளியிட்டார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்குச் சுவாமிகளின் பெயர். சென்னையில் நடிகர் சங்கம் கட்டிய அரங்கத்துக்கும் அவர் பெயரே இருந்தது. 2019ல் சினிமா நடிகர் சங்கத் தேர்தலில் ஓர் அணி அவர் பெயரை வைத்துக்கொண்டு நின்றது. அந்தச் சமயத்தில்தான் யார் இந்தச் சங்கரதாஸ் என்று பட்டணத்து இளைஞர் பலர் முதல் தடவையாகக் கேட்டார்கள். ஓட்டுக்காவது உதவினாரே!

மதுரை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்தில் அப்படி யாரும் கேட்க மாட்டார்கள். 1964ல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பி, நீலகிரியில் கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறிய தொழிலாளர்களில் பலருக்கு இந்த ஜில்லாக்களே பூர்வீகம். அவர்களுடைய பாட்டன்மார் காலத்திலேயே சுவாமிகளின் பாட்டு கடல் கடந்துவிட்டது. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் முதன்முதலாகச் சேர்ந்து நடித்ததே கொழும்பு மேடையில்தான்.

2020ல் கொரோனா ஊரடங்கு வந்தது பங்குனி மாதத்தில். திருவிழாக் காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. வாங்கிய அச்சாரங்களைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. ஆண்டு முழுவதும் சாப்பிட வேண்டிய வருமானம் இரண்டு மூன்று மாதத்தில் வருகிற தொழில் அது. பலர் கூலி வேலைக்குப் போனார்கள். கோயில்கள் திறந்தபின் மெல்ல மெல்ல மறுபடி மேடை போட்டார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் சுவாமிகளின் குருபூஜைக்கு மதுரையில் அவருடைய சிலைக்கு நாடகக் கலைஞர்கள் மாலை போடுகிறார்கள். வேஷக்காரரும் வாத்தியக்காரருமாகக் கூடி, அவருடைய பாட்டையே அவருக்குப் பாடிக் காட்டுகிறார்கள். மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, எந்த ஊரில் அச்சாரம் வாங்கியிருக்கிறார்களோ அந்த ஊருக்குப் பஸ் ஏறுகிறார்கள். இரவு பத்து மணிக்கு ஆர்மோனியம் எழும்ப வேண்டும்.